காளான் குளிசைகளைச் சேர்த்து எடுக்கலாமா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் மருந்தாளராக நின்று பதினாறு வருடம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். ஒரு காலத்தில் பனடோலும் தைலமும் கேட்டு வந்த அதே வீட்டுப் பிள்ளைகள் இப்போது போனைத் திறந்து ஒரு போத்தலின் படத்தைக் காட்டுகிறார்கள். "இந்தக் காளான் குளிசை மனப் பதற்றத்துக்கு நல்லதாமே? படிப்புல கவனம் வர்றதுக்கு இன்னொன்று இருக்காமே? ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?" கொழும்பில் கடை வேலை செய்யும் தம்பிமார், ஏ.எல். பிள்ளைகள், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பார்சலை அப்படியே தூக்கிக்கொண்டு வரும் அம்மாமார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில், இந்தக் காளான்கள் எவை? நாம் கறி வைக்கிறது தானா?

இல்லை. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் சாப்பாட்டுக்கு. போத்தலில் வருபவை பெரும்பாலும் நான்கு. லயன்ஸ் மேன், வெள்ளை முள் முள்ளாகத் தொங்கும், பார்த்தால் சிங்கத்தின் பிடரி போல இருக்கும். கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் என்று இதைத்தான் விற்கிறார்கள். ரெய்ஷி, சிவப்பாக, வார்னிஷ் பூசியது போல மினுங்கும், மரக்கட்டை மாதிரி கெட்டி, கடும் கசப்பு. சீனத்தில் லிங்ஷி என்பார்கள், மன அமைதிக்கும் நித்திரைக்கும் பேர் போனது. கார்டிசெப்ஸ், உடல் தெம்புக்கு என்று சொல்லப்படுவது. சாகா, குளிர் நாடுகளில் பேர்ச் மரத்தில் கரிக்கட்டி போல வளர்வது.

பதற்றத்துக்கு எது, கவனத்துக்கு எது? உண்மையில் வேலை செய்கிறதா?

விளம்பரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மனிதர்களிடம் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

லயன்ஸ் மேனைப் பற்றி அதிகம் பேசப்படுவது 2009-இல் வெளிவந்த ஜப்பான் ஆய்வு. 50 முதல் 80 வயது வரையான, ஞாபகம் லேசாகக் குறையத் தொடங்கிய 30 பேர். பாதிப்பேருக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் காளான் தூள், மற்றவர்களுக்கு வெறும் குளிசை. 16 வாரம் கொடுத்தார்கள். காளான் எடுத்தவர்களின் ஞாபகப் பரீட்சைப் புள்ளிகள் எட்டாவது வாரத்திலிருந்து கூடின. நிறுத்தி நான்கு வாரத்தில் திரும்ப இறங்கின. அந்தக் கடைசி வரியை விற்பவர்கள் சொல்வதில்லை. கிடைத்த பலன் எடுக்கும் வரைக்கும்தான் நின்றது.

அடுத்த வருடம், 2010-இல், அதே ஜப்பானில் 30 பெண்களுக்கு இந்தக் காளானைப் பிஸ்கட்டில் கலந்து ஒரு நாளைக்கு 2 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எரிச்சல், பதற்றம் போன்ற சில அறிகுறிகள் குறைந்தன. 2023-இல் இங்கிலாந்தில், 18 முதல் 45 வயதுக்குள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 41 பேருக்கு 1.8 கிராம் கொடுத்தார்கள். ஒரு முறை எடுத்து ஒரு மணித்தியாலத்தில் ஒரு கவனப் பரீட்சையைக் கொஞ்சம் வேகமாகச் செய்தார்கள். 28 நாளில் மன அழுத்தம் குறைவது போலத் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ரெய்ஷியை 2005-இல் 'நரம்புத் தளர்ச்சி' என்று இனங்காணப்பட்ட 132 பேரிடம் எட்டு வாரம் சோதித்தார்கள். களைப்புக் குறைந்து, உடம்பு தேவலை என்ற உணர்வு கூடியது. கார்டிசெப்ஸைப் பதற்றத்துக்கு என்று நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அதன் பேர் தெம்புக்குத்தான். அதை எடுத்த பிறகு நித்திரை வரவில்லை என்று சொல்லி என்னிடம் திரும்பி வந்தவர்கள் உண்டு.

முப்பது பேர், நாற்பது பேர் என்றால் நம் ஒரு லயத்தில் இருக்கிற தலைகள். இவ்வளவு சிறிய ஆய்வில் தெரிகிற பலனைப் பொய் என்று தள்ளவும் மாட்டேன், இதை நம்பி வைத்தியத்தை விடலாம் என்று சொல்லவும் மாட்டேன்.

அப்படியென்றால் லயன்ஸ் மேனையும் ரெய்ஷியையும் சேர்த்து எடுக்கலாமா?

வேறு வருத்தம் இல்லாத, வேறு மருந்து எடுக்காத, வளர்ந்த ஆள் என்றால் சேர்த்து எடுப்பதில் பெரிய மோதல் எதுவும் இல்லை. காலையில் லயன்ஸ் மேன், இரவில் ரெய்ஷி என்று பலர் எடுக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே ஒரே ஒரு காளானைத்தான் சோதித்தன. 'இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன்' என்பது வியாபாரப் பேச்சு.

என் பயம் வேறு. நான்கைந்து காளானை ஒரே போத்தலில் அடைத்து, மொத்த எடையை மட்டும் எழுதி விற்கிறார்கள். என் சித்தியின் மகன் கொழும்பில் வேலை செய்யும்போது அப்படி ஒன்றை வாங்கினான். அதோடு தனியாக ரெய்ஷி, அதோடு காளான் கோப்பி. ஒரே நாளில் மூன்றையும் தொடங்கிவிட்டான். ஒரு கிழமையில் வயிற்றுப்போக்கு, தோலில் கடி, இரவெல்லாம் விழிப்பு. எதனால் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அதில் ஒன்று அவனுக்கு உண்மையிலேயே உதவியிருக்கலாம், அதையும் சேர்த்தே எறிந்தோம்.

ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். ஒரு கறியில் உப்புக் கூடிவிட்டதா புளி கூடிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் ஒன்றாகக் கொட்டக்கூடாது.

ஒவ்வொன்றாக என்றால் எப்படி? முறையைச் சொல்லுங்கள்.

ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்கள். முதல் கிழமை எதுவும் எடுக்காமல் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை கோப்பை தேத்தண்ணி, படபடப்பு பத்துக்கு எத்தனை, வேலையில் அல்லது படிப்பில் மனம் நின்றது பத்துக்கு எத்தனை. இது இல்லாமல் தொடங்கினால் மூன்று மாதம் கழித்து "கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் கையில் இருக்காது.

இரண்டாவது கிழமை ஒரே ஒரு காளான், போத்தலில் சொன்ன அளவில் பாதி. வயிறும் தோலும் ஒத்துக்கொண்டால் அடுத்த கிழமை முழு அளவு. ஆய்வுகளில் லயன்ஸ் மேன் தூள் 1.8 முதல் 3 கிராம் வரை கொடுத்தார்கள். 500 மில்லிகிராம் குளிசை என்றால் அது நாலு முதல் ஆறு. ஒரே ஒரு குளிசை போட்டுவிட்டு ஆய்வில் வந்த பலனை எதிர்பார்ப்பவர்கள் நிறைய. சாறு எடுத்துச் செறிவாக்கிய தூள் என்றால் இந்தக் கணக்குப் பொருந்தாது, அதற்குப் போத்தலில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம்.

குறைந்தது எட்டு வாரம் ஒன்றிலேயே நில்லுங்கள். கொப்பியைப் பாருங்கள். மாற்றம் இருந்து, இன்னும் நித்திரைதான் குறை என்று தெரிந்தால் மட்டும் ரெய்ஷியைச் சேர்க்கலாம், அதுவும் பாதி அளவில் தொடங்கி. மாற்றமே இல்லையென்றால் முதலாவதை நிறுத்திவிட்டுத்தான் அடுத்தது. மேலே மேலே அடுக்காதீர்கள்.

நெஞ்சு படபடக்கிறது, மனம் ஒரு வேலையில் நிற்பதில்லை. நேராகக் காளானைத் தொடங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியில்தான்.

மலையகத் தோட்டங்களில், அதிலும் பெண்களிடம், இரத்தச் சோகை பரவலாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். இரத்தம் குறைந்தால் என்ன வரும்? இருதயம் படபடக்கும், ஏற்றத்தில் ஏறினால் மூச்சு வாங்கும், தலை பாரமாகும், சொன்னது மறக்கும், கவனம் சிதறும். இதைத்தான் பலர் 'டென்ஷன்' என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எந்தக் காளானும் இரும்புச் சத்துக் குறைவை நிரப்பாது. தைரொயிட் கூடினாலும் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், எரிச்சல் வரும். குறைந்தால் மந்தம், மறதி, சோர்வு. இரண்டும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் எழுதிக் கொடுத்தால் காசும் இல்லை.

இரும்பைப் பற்றிப் பேசும்போது தேயிலையை விட முடியாது. சோறு சாப்பிட்ட கையோடு சாயம் கூடிய தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். கீரையோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், இரும்பு நன்றாகச் சேரும்.

ஒரு அக்கா இருந்தார், கொழுந்து எடுக்கிறவர். தங்கச்சி துபாயிலிருந்து அனுப்பிய காளான் குளிசையை இரண்டு மாதம் எடுத்தும் படபடப்பு நிற்கவில்லை, அளவைக் கூட்டலாமா என்று கேட்டு வந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. "அக்கா, முதல்ல இரத்தம் பாருங்க" என்று அனுப்பினேன். இரும்புக் குளிசை மூன்று மாதம் எடுத்தார். அதற்குப் பிறகு காளானைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை.

காலையிலா இரவிலா? வெறும் வயிற்றிலா?

லயன்ஸ் மேன் காலைச் சாப்பாட்டோடு, ரெய்ஷி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் எடுத்தால் சிலருக்குக் குமட்டும். கார்டிசெப்ஸ் எடுப்பதாக இருந்தால் மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுங்கள். பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, விடியற்காலையில் ஓடுகிறவர்கள் காலையில் முடியாவிட்டால் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் ரொட்டியோடு எடுக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

காளான் கோப்பி நல்லதா?

அதில் வேலை செய்வது பெரும்பாலும் கோப்பிதான். ஒரு கோப்பைக் கோப்பியில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும், ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 30 முதல் 50 வரை. கஃபீன் கவனத்தைக் கூட்டும், அதே கை படபடப்பையும் கூட்டும். எடுத்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். பதற்றத்துக்கு என்று காளான் கோப்பி குடித்துவிட்டு, வழக்கமான ஆறு ப்ளேன்டீயையும் குடிக்கிற ஒருவருக்கு எந்தக் காளானும் கைகொடுக்காது. பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் தேத்தண்ணியை விட்டுப் பாருங்கள். இரண்டு கிழமையில் கொப்பியில் அதன் வித்தியாசம் தெரியும். செலவே இல்லாத மருந்து இது.

தேயிலையைக் குறை மட்டும் சொன்னால் பாவம். அதில் தியனைன் என்று ஒரு சத்தும் இருக்கிறது, அது மனதைத் தளர விட்டு, கஃபீனோடு சேர்ந்து கவனத்தைச் சீராக்கும். ஒரு கோப்பையில் இருப்பது கொஞ்சம்தான். கோப்பி குடித்தால் நடுங்குகிற சிலருக்குத் தேத்தண்ணி ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போத்தலில் உள்ளது உண்மையான காளானா என்று எப்படித் தெரியும்?

லேபிளில் மூன்று விஷயம் தேடுங்கள். காளானின் எந்தப் பகுதி என்று எழுதியிருக்க வேண்டும். காளான் தலையா, அல்லது தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையா? இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அதில் பாதி அரிசி மாவோ ஓட்ஸ் மாவோ ஆகிவிடும். அடுத்து, காளானில் இருக்கும் நார்ச்சத்தான பீட்டா குளூக்கான் எத்தனை வீதம் என்று இருக்க வேண்டும். 'பொலிசாக்கரைட்' என்று மட்டும் போட்டால் அதில் மாச்சத்தும் சேர்ந்துவிடும். மூன்றாவது, ஒவ்வொரு காளானும் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக. 'விசேட கலவை 1000 மி.கி.' என்று மொட்டையாக எழுதியிருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காயத்துக்குப் போடும் டிங்சர் அயடின் இருந்தால், தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு துளி விடுங்கள். கருநீலமாக மாறினால் மாச்சத்துக் கூட என்று அர்த்தம். மஞ்சள் கலந்த மண்ணிறமாகவே நின்றால் மாவு அதிகம் இல்லை. இது காளான் நல்லதா என்று சொல்லாது, மாவுக்குக் காசு கொடுத்தோமா என்பதை மட்டும் சொல்லும். சோதித்த தூளை வாயில் போட வேண்டாம்.

நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்வது 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. பார்சலில் வரும் போத்தலும், பேஸ்புக்கில் ஓடர் பண்ணி வீட்டு வாசலுக்கு வரும் போத்தலும் அந்தக் கண்ணில் பட்டிருக்காது. 'பதற்றத்தைக் குணமாக்கும்' என்று துணிந்து எழுதியிருக்கிற போத்தலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மகன் வெளிநாட்டிலிருந்து காளான் டொபி அனுப்பியிருக்கிறான். பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள், லேபிளை முதலில் எனக்கோ வேறு மருந்தாளருக்கோ காட்டுங்கள். சில டொபிகளிலும் சொக்லேட்டிலும் அமனிட்டா மஸ்கேரியா என்ற காளானின் சாறு இருக்கிறது. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி, கதைப் புத்தகங்களில் வரைவார்களே, அதுதான். அது மூளையை மயக்கும் விஷக் காளான். 2024-இல் அமெரிக்காவில் காளான் சொக்லேட்டும் டொபியும் சாப்பிட்டு வலிப்பும் மயக்கமுமாகப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், அமனிட்டாவை உணவில் சேர்க்க அனுமதி இல்லை என்று அறிவித்தது. மாயத் தோற்றம் காட்டும் சைலோசைபின் காளான் இன்னொரு வகை, அதை வைத்திருந்தாலே சட்டச் சிக்கல். இரண்டுக்கும் லயன்ஸ் மேனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 'காளான்' என்ற பேரைத் தவிர.

மழை பெய்தால் மலையில் மினுங்குகிற சிவப்புக் காளான் மரக்குற்றியில் முளைக்கிறது. அது ரெய்ஷிதானே? காய வைத்து அவிக்கலாமா?

வேண்டாம். ரெய்ஷியின் சாயலில் அதே இனத்தில் பல வகை இருக்கின்றன, படத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தேயிலை மலையில் அடிக்கிற மருந்தும் அதில் ஏறியிருக்கும். புற்றுக்காளான் பறித்துச் சமைப்பதற்கே கிழவிமாரின் கண் வேண்டும். கொல்லும் காளான்களில் உள்ள நஞ்சு அவித்தாலும் போகாது, சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்துதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், அதற்குள் ஈரல் கெடத் தொடங்கிவிடும். யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறி வரும் வரை காத்திராமல் 1990 என்ற அம்பியுலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மிச்சக் காளானையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு போங்கள்.

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கிறேன். காளானும் எடுக்கலாமா?

டொக்டரிடம் கேட்காமல் வேண்டாம். ரெய்ஷி பிரஷரைக் கொஞ்சம் இறக்கலாம், ரெய்ஷியும் கார்டிசெப்ஸும் லயன்ஸ் மேனும் சீனியைக் கொஞ்சம் இறக்கலாம். ஏற்கெனவே குளிசை எடுப்பவருக்கு அந்தக் 'கொஞ்சம்' மேலதிகம். மலை ஏறி இறங்கி வேலை செய்கிறவர்கள், சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கி வியர்த்து நடுங்கும். அதையும் பதற்றம் என்று நினைத்து இன்னும் ஒரு காளான் குளிசை போட்டால் எங்கே போய் முடியும்?

இதைவிட முக்கியம், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல், தினம் ஒரு அஸ்பிரின் எடுப்பவர்கள் ரெய்ஷியைத் தொடவே வேண்டாம் என்பது என் சொல். இரத்தம் உறைவதை அது மந்தமாக்கலாம். லயன்ஸ் மேனிலும் அந்தத் தன்மை ஆய்வுகூடத்தில் தெரிந்திருக்கிறது. ஒப்பரேஷன் இருந்தால், பல்லுப் பிடுங்குவதாக இருந்தாலும்கூட, இரண்டு கிழமைக்கு முன்பே காளான்களை நிறுத்திவிட்டு டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஈரல் வருத்தம் உள்ளவர்களும், தினம் குடிக்கிறவர்களும் ரெய்ஷித் தூளை விட்டுவிடுங்கள். ரெய்ஷித் தூள் எடுத்தவர்களுக்கு ஈரல் கெட்டதாக ஹொங்கொங்கிலும் தாய்லாந்திலும் பதிவாகியிருக்கிறது, தாய்லாந்தில் ஒருவர் இறந்தார். இப்படி நடப்பது அரிது. ஆனாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, வலது விலாவுக்குக் கீழே நோவது என்று ஏதாவது கண்டால் அன்றைக்கே நிறுத்த வேண்டும். முடக்கு வாதம், லூபஸ் போன்ற, உடம்பே உடம்பைத் தாக்கும் வருத்தம் உள்ளவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. இந்தக் காளான்கள் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுபவை.

சாகா?

நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஒக்சலேட் மிக அதிகம், அது சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். ஜப்பானில் ஈரல் புற்றுநோய் வந்த 72 வயது அம்மா ஒருவர், ஒரு நாளைக்கு நாலைந்து தேக்கரண்டி சாகாத் தூளை ஆறு மாதம் எடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது, 2014-இல் பதிவானது. கறுப்புத் தேயிலையிலும் ஒக்சலேட் இருக்கிறது. நாளெல்லாம் தேத்தண்ணி குடிக்கும் நம் உடம்புக்கு அதன் மேல் சாகா எதற்கு? கல்லு வருத்தம் ஒரு தடவையாவது வந்தவர்கள் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

மனநலக் கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டு, இயற்கையான காளானுக்கு மாறலாமா?

தயவு செய்து மாறாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறவர்களை நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் பேசுவேன். செர்ட்ரலின், ஃபுளுவோக்சடின் போன்ற குளிசைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் படபடப்புக் கொஞ்சம் கூடவும் செய்யலாம், அந்த நேரத்தில்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும்போது சடாரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், நித்திரையின்மை எல்லாம் திரும்ப வரும். குறைப்பதானாலும் டொக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். லித்தியம் எடுப்பவர்கள் எந்தப் புதிய பொருளையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

'இயற்கை' என்ற சொல்லில் ஒரு ஆறுதல் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. கிளினிக்குப் போனால் 'பைத்தியக் குளிசை' என்று லயத்தில் பேசுவார்கள் என்ற பயமும் அதற்குப் பின்னால் இருக்கிறது. என் சொந்த வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. என் அம்மா இரண்டு வருடம் நித்திரையில்லாமல் தவித்தார், சாமி பார்த்தோம், நூல் கட்டினோம், மருந்துக்கடையில் நிற்கிற நானே கிளினிக்குக் கூட்டிப்போகத் தயங்கினேன். போன பிறகு மூன்றாவது மாதம் அம்மா வாசலில் உட்கார்ந்து பக்கத்துக் காம்பராக்காரரோடு சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். அந்த இரண்டு வருடத்தை எனக்கு யாராவது திருப்பித் தர முடியுமா?

குளிசையோடு காளானும் எடுக்க ஆசை என்றால் டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ஒளிக்க வேண்டாம்.

ஏ.எல். எழுதும் மகனுக்கு லயன்ஸ் மேன் கொடுத்தால் கவனம் வருமா?

மேலே சொன்ன ஆய்வுகளில் ஒருவர்கூட 18 வயதுக்குக் குறைந்தவர் இல்லை. அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நான் கொடுப்பதில்லை. விடிய நாலு மணிக்கு எழுந்து, பஸ் பிடித்து டியூஷனுக்குப் போய், இரவு பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைக்குக் குறைவது நித்திரை. ஏழு மணித்தியாலம் தூங்க விடுங்கள். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். ஒரே காம்பராவில் டீவியும் படிப்பும் என்றால் இரவு எட்டிலிருந்து பத்து வரையாவது டீவியை நிறுத்துவது எந்தப் போத்தலையும் விடப் பலன் தரும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்?

வேண்டாம். எந்தக் காளான் குளிசையும்.

குளிசையின் மேல் உறை சைவமா?

ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்தது. தாவர உறை என்று தனியாக எழுதியவையும் கிடைக்கின்றன. விரதக்காரர்களும் முஸ்லிம் சகோதரர்களும் உறையைப் பிரித்துத் தூளை மட்டும் கஞ்சியில் போட்டுக் குடிக்கலாம். ரெய்ஷி என்றால் கசக்கும், கருப்பட்டி ஒரு கடி கடித்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாப் பக்கம் தூள் கட்டி கட்டியாகிவிடுகிறது. கெட்டுவிட்டதா?

மூடுபனி ஈரம் இழுத்திருக்கும். கட்டி உடைத்தால் தூளாகி, வாசம் மாறாமல் இருந்தால் பரவாயில்லை. பூஞ்சண வாசம், பச்சை கறுப்புப் புள்ளி என்றால் எறிந்துவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் சிறு ஈரம் உறிஞ்சும் பையை வெளியே எடுக்க வேண்டாம். அடுப்புக்கு மேல் தட்டில் வைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

2024-இல் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. வெளிநாட்டுப் போத்தல் ஒன்றுக்குப் பல நாள் வேலை செய்து பேர் போட்ட காசு போய்விடும். அதுவும் எட்டு வாரத்துக்கு ஒரு போத்தல் போதாது. கடன்பட்டு வாங்காதீர்கள். அந்தக் காசில் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் முட்டை, நெத்தலி, பயறு வாங்கினால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நிச்சயமாகச் சேரும். கையில் மிச்சம் இருந்து, பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்து, ஒன்றை முயன்று பார்க்க விரும்பினால் லயன்ஸ் மேனை எட்டு வாரம் எடுத்துப் பாருங்கள். நான் அதைத் தடுக்க மாட்டேன்.

எப்போது காளானை விட்டுவிட்டு உடனே உதவி தேட வேண்டும்?

திடீரென்று நெஞ்சு இறுகி, மூச்சு அடைத்து, செத்துவிடுவேன் போல வந்து, பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கினால் அது பெரும்பாலும் பதற்ற அலை. ஆனால் முதல் தடவை வருகிறது என்றால் இருதயமா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். கைக்கும் தாடைக்கும் நோவு பரவினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருவதே பாடு. யாரிடம் காட்டுவது?

தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ளவரிடமோ, கிளினிக்குக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ காட்டலாம். டவுனுக்கு வருகிற நாளில் சம்பளச் சாமானோடு பையில் காளான் போத்தலையும், வீட்டில் உள்ள மற்றக் குளிசை அட்டைகளையும், கிளினிக் கொப்பியையும் போட்டுக்கொண்டு வாருங்கள். எந்தப் பார்மசியிலும் கேட்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை. லேபிள் கிழிந்திருந்தால் போத்தலை எறியாமல் அப்படியே கொண்டுவாருங்கள், மூடியின் அடியிலோ பெட்டியின் ஓரத்திலோ விவரம் ஏதாவது இருக்கும்.